பந்து யார் கையிலும் படவில்லை

மே 20, திங்கள்

எனக்கு அநியாயம் செய்துவிட்டார்கள். நேற்று மாலை இறுதிப் போட்டியில் நான் கடிகாரத்தைச் சரியான நேரத்தில் ஓடவிட்டேன். அதைத் தப்பு என்று சொல்லி, ஊர் முன்னால், நேரம் பார்க்கும் மேசையிலிருந்து என்னை எழுப்பிவிட்டார்கள். செய்தவர்கள்: வளர்பிறை கூடைப்பந்துக் கழகத் தலைவர் அருணகிரி, செயலாளர் ஜவகர், அவர்களுக்குப் பின்னால் நின்று கத்திய ஊர்.

கோபத்தில் எழுதினால் வரிசை மாறிவிடும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெண்கள் இறுதிப் போட்டி. எங்கள் பெண்கள் ஒரு புள்ளி முன்னால். கடிகாரத்தில் மீதி இரண்டு வினாடியும் கொஞ்சமும். பந்து தேனிப் பக்கமிருந்து வந்த அணியிடம். அவர்கள் தங்கள் முனைக் கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போட்டு, அந்தக் கோடியிலிருக்கும் கூடை வரைக்கும் கொண்டுபோய், அதில் போட்டும் விட வேண்டும். நடக்கிற காரியமா? நடக்காது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. பொன்னாடைகளைப் பிரித்து வைத்துவிட்டார்கள்.

நடுவர் பந்தைக் கொடுத்தார். அந்தப் பெண் அதை எறியவில்லை. தரையில் உருட்டிவிட்டாள். பந்து உருண்டது. அவளுடைய கூட்டாளி ஒருத்தி, கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு போகிறவள் மாதிரி, அதைத் தொடாமல் பக்கத்திலேயே நடந்தாள். எங்கள் பெண்கள் ஐந்து பேரும் ஒதுங்கி வழிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கூட்டம் எண்ணியது. "மூணு! ரெண்டு! ஒண்ணு!" எண்ணி முடித்ததும் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். மேளம் அடித்தார்கள். அருணகிரி நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டார்.

கடிகாரம் ஓடவில்லை. ஏன் ஓட வேண்டும்? வெளியிலிருந்து உள்ளே வரும் பந்தை, ஆடுகளத்துக்குள் இருக்கும் ஆட்டக்காரர் ஒருவர் தொட்டால்தான் கடிகாரம் கிளம்ப வேண்டும். நடுவர் கொடுக்கும்போது இல்லை. கையை விட்டுப் போகும்போது இல்லை. தரையில் பட்டு உருண்டாலும் இல்லை. தொட வேண்டும். இது நான் போட்ட சட்டம் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆங்கில விதிப்புத்தகத்தை அகராதியோடு வைத்து வரி வரியாகப் படித்தேன். பட்டம் வாங்கியவர்கள் அதன் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை.

பந்து என் மேசைக்கு முன்னால் உருண்டு போனது. எங்கள் அணித் தலைவி ஜெயபிரியா அங்கேதான் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பந்து வெடிப்புகைக்குள் போனது. கூடைக்குக் கீழே அந்தத் தேனிப் பெண் குனிந்து அதை எடுத்தாள். அப்போது பொத்தானை அழுத்தினேன். அவள் போட்டாள். விழுந்தது. அதற்குப் பிறகுதான் நேரம் முடிந்த சங்கு ஊதியது.

இரண்டு புள்ளி என்று நடுவர் இரண்டு விரலைக் காட்டினார். கோப்பை போயிற்று.

"யோவ், கடியாரத்துல ஒக்காந்து தூங்குறியாய்யா?" என்று ஒருவன். தேனிக்காரன் எனக்குத் தோட்டம் எழுதி வைத்திருக்கிறான் என்று இன்னொருவன். ஜவகர் வந்து, "அண்ணாச்சி, எந்திரிங்க. போதும்" என்றார். எழுந்தேன். கடிகாரத்தை அணைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

எங்கள் பெண்களுக்குப் பயிற்சியாளர் என் மகன் ரத்தினவேல். நேற்று அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றும் பேசவில்லை.

மே 21, செவ்வாய்

மேல்தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை. வாஷர் போய்விட்டது. மாற்றினேன். யாரும் நன்றி சொல்லவில்லை.

மே 22, புதன்

தேநீர்க் கடைக்குப் போகக் கூடாது என்று இருந்தேன். அவர்களுக்குப் பயந்து போகவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள் என்பதால் போனேன்.

"வாங்க அண்ணாச்சி. டீ குடிச்சிக்கிறீகளா, இல்ல கிளாஸ யாராச்சும் தொட்டாத்தான் குடிப்பீகளா?" என்றான் கடைக்காரன் சுடலைமணி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

நான் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக வேலை பார்த்தவன். தனியார் பேருந்துகள் நிமிடத்துக்கு அடித்துக்கொள்ளும் இடம் அது. எந்த ஓட்டுநரும் எஞ்சினை உறுமவிட்டு, "கிளம்பிட்டேன், எழுதிக்கோ" என்பான். முன்சக்கரம் இடத்தை விட்டு நகராமல் நான் எழுதியதில்லை. உறுமுவது வேறு, கிளம்புவது வேறு. இதைக் கடையில் விளக்கிச் சொன்னேன்.

"அதான் ஒங்க காலத்துல ஒரு பஸ்ஸும் நேரத்துக்குப் போகல" என்றான் சுடலைமணி.

இவர்கள் ஏன் இப்படி நம்புகிறார்கள் என்பதையும் எழுதிவைக்கிறேன். எங்கள் மைதானத்தில் கடைசி வினாடிகளைக் கூட்டம்தான் எண்ணும். பந்து கையை விட்டதும் எண்ண ஆரம்பிப்பார்கள். பந்தை எப்படியும் உடனே யாராவது பிடித்துவிடுவார்கள். அதனால் இத்தனை வருடம் வித்தியாசம் தெரியவில்லை. மின் கடிகாரம் ஒன்று கம்பத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் அருணகிரி தன் பட்டாசு ஆலையின் ஃபிளெக்ஸைக் கட்டியிருக்கிறார். ஆட்டக்காரிகளுக்குத் தெரிவது அவர் முகம் மட்டும்தான். அதில் மணி தெரியாது.

மே 24, வெள்ளி

ஜவகர் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். அப்போதே சந்தேகப்பட்டேன்.

"அண்ணாச்சி, ஊர் ஒரு ஆளக் கேக்குது" என்றார்.

"எதற்கு?"

"தப்பு யாருதுன்னு சொல்றதுக்கு. யோசிச்சுப் பாருங்க. ஒங்க கை தப்புன்னா பிள்ளைங்க நின்னது சரி. ஒங்க கை சரின்னா, தொடாம நில்லுங்கன்னு சொல்லிக் குடுத்தது யாரு? ஒங்க மகன்ல?"

பழச் சீப்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ரெண்டாந்தேதி நன்றிக் கூட்டம். பிரியாணி போடுறோம். மைக்குல ஏறி, 'கை அசந்துபோச்சு, மன்னிச்சுக்கோங்க'ன்னு சொல்லிட்டு இறங்கிருங்க. வயசாயிருச்சு, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாக. ரத்தினவேலு கோச்சா இருந்துட்டுப் போறான். இல்லேன்னா அவன எடுக்கத்தான் வேணும். என்னைய நாலு பேரு கேக்குறாக."

"விதிப்புத்தகத்தைக் கொண்டுவரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. பழம் சாப்பிடுங்க."

சாப்பிடவில்லை. மாலையில் பார்த்தபோது சீப்பில் பாதி இல்லை. இந்த வீட்டில் எனக்கு எதிராகச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மே 25, சனி

மருமகள் சுபாஷினி காப்பியோடு வந்து நின்றாள். காப்பியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாலே விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"மாமா, மூணே மூணு வார்த்த. சொல்லிட்டு வந்துருங்க."

"அசரவில்லையே அம்மா."

"அசரலன்னு எனக்குத் தெரியும். ஒங்க மகனுக்கும் தெரியும். அவுக காலைல நாலரைக்கு எந்திரிச்சு அந்தப் பிள்ளைகளோட ஓடிட்டு, அப்புறம்தான் பிரஸ் வேலைக்குப் போறாக. சம்பளம் உண்டா, படி உண்டா? அது ஒண்ணுதான் அவுகளுக்கு இருக்கு. அதப் பிடுங்கிட்டா என்ன செய்வாக?"

உள்ளேயிருந்து ரத்தினவேல், "அந்த ஆளுகிட்ட என்ன பேச்சு?" என்றான். என்னிடம் இல்லை, அவளிடம்.

அந்த ஆள். அவனுக்கு நான் இதைப் பொங்கலுக்கே சொன்னேன். சாப்பிடும்போது சொன்னேன். தொட்டால்தான் ஓடும், உன் பிள்ளைகளிடம் சொல் என்று. "சாப்பிட விடுங்கப்பா" என்றான். அன்று நான் அவனுடைய வண்டி டயர், அவன் உட்காரும் விதம், பிரஸ்ஸில் அவன் கேட்டு வாங்காத விடுமுறை, சாம்பாரைச் சோற்றில் ஊற்ற வேண்டிய முறை ஆகியவற்றைச் சொல்லி முடித்திருந்தேன். இது ஐந்தாவதாக வந்தது. ஐந்தாவதாக வந்தால் காதில் ஏறாதா?

மே 28, செவ்வாய்

ஜெயபிரியா வந்தாள். திட்டுவதற்கு வந்தாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

"தாத்தா, பந்து உருளும்போது நான் ஒங்களத்தான் பாத்தேன்."

"தெரியும்."

"கடியாரம் எனக்குத் தெரியல. ஃபிளெக்ஸ் மறைச்சிருந்துச்சு. ஆனா ஒங்களுக்குத் தெரிஞ்சது. ஓடலன்னு."

"தெரிந்தது."

"கைய நீட்டுனா என்னைத் தொட்டுருக்கலாம், அவ்வளவு பக்கம். தொடுன்னு ஒரு வார்த்த சொல்லலியே?"

"மேசையில் உட்கார்ந்திருப்பவர் ஆட்டக்காரரிடம் பேசக் கூடாது."

"பேச வேண்டாம். மூஞ்சிய ஒரு மாதிரி வச்சிருக்கலாம்ல?"

"மூஞ்சிக்கும் அதே சட்டம்தான்."

"ஊருக்கு எங்க கோச் சாரு வேண்டாம்னா, எங்களுக்கு வேற யாரும் வேண்டாம் தாத்தா. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கண்ணாடியில் பார்த்தேன். என் முகம் எப்போதும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. அதிலிருந்து அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்?

மே 31, வெள்ளி

சொல்லப் போவதில்லை.

ஜூன் 1, சனி

மின்கட்டணம் கட்டினேன். வரிசையில் நின்றபோது அந்த மூன்று சொற்களையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். முன்னால் நின்றவர் திரும்பி, "என்னங்க?" என்றார். உங்களிடம் இல்லை என்றேன். சொல்லிப் பார்த்தேன் என்பதற்காகச் சொல்லப் போகிறேன் என்று அர்த்தம் இல்லை.

ஜூன் 2, ஞாயிறு

நன்றிக் கூட்டம். அருணகிரி பேசினார். கூடைப்பந்து எப்படி ஒழுக்கத்தை வளர்க்கிறது என்று பேசினார். பேசும்போது கைப்பேசி மூன்று முறை அடித்தது. மூன்று முறையும் எடுத்தார். பிறகு, "நம்ம மூத்த டைம் கீப்பர் தவசிமுத்து அண்ணாச்சி சில வார்த்தைகள் பேசுவார்" என்றார். சில வார்த்தைகள். எத்தனை என்று அவருக்குத் தெரியும்.

மேடை ஏறினேன். முன்வரிசையில் சுபாஷினி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் ரத்தினவேல் அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றான். அவன் என்னைப் பார்க்கவில்லை. அண்டாவைப் பார்த்தான்.

வாயைத் திறந்தேன். "நடுவர் பந்தைக் கொடுத்தபோது" என்றுதான் வந்தது. வந்த பிறகு நிறுத்த முடியுமா? முழுவதையும் சொன்னேன். எறிவதற்குக் கொடுத்த பந்து, தொட்ட கை, தொடாத கை, ஃபிளெக்ஸ், வெடி, எல்லாம். தேனிப் பெண்ணின் புத்தியை வைத்து நம்மவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடலாம் என்றும் சொன்னேன். அந்த இடத்தில் ஒலிபெருக்கி நின்றுவிட்டது. ஜவகரின் மச்சினன் பிரதீப், செல்போன் கடை வைத்திருப்பவன், வயரைப் பிடுங்கிவிட்டான். ஒலிபெருக்கி இல்லாமலும் நான் பேசுவேன் என்பது அவனுக்குத் தெரியாது.

"அப்போ கோச்சுதான் தப்பா சொல்லிக்குடுத்தாரா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

அப்போதுதான் நிறுத்தினேன்.

ரத்தினவேல் கரண்டியை அண்டா விளிம்பில் வைத்தான். "ஆமா" என்றான். "அவரு கை சரி. நான் சொல்லிக்குடுத்தது தப்பு. எனக்கு முன்னாடியே சொன்னாரு, நான் கேக்கல. போதுமா? எலையப் போடுங்க."

இலையைப் போட்டார்கள். அவனே எல்லோருக்கும் பரிமாறினான். எனக்கும் வைத்தான். சாப்பாட்டுக்குப் பிறகு கமிட்டி கூடி இரண்டு தீர்மானம் போட்டது. ஒன்று, ரத்தினவேலைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து எடுப்பது. அவனுக்குப் பதில் ஜவகர், மேசையில் பிரதீப். இரண்டு, இனி நம் மைதானத்தில் பந்து கையை விட்டதும் கடிகாரம் ஓடும். நான் சொன்னது சரி என்று ஒருவன் ஒப்புக்கொண்டான். அவனைத் தூக்கிவிட்டு, சட்டத்தையும் மாற்றிவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் மழையை மேல்நோக்கிப் பெய்யச் சொல்லித் தீர்மானம் போடுவார்கள்.

ஆக, நான் சொன்னதுதான் சரி என்று ஊர் முன்னால் நிரூபணமாகிவிட்டது. வென்றுவிட்டேன். பிரியாணியில் உப்பு குறைவு.

ஜூன் 3, திங்கள்

காலை நாலரைக்கு ரத்தினவேல் எழுந்துவிட்டான். பழக்கம். ஷூவை மாட்டினான். பிறகு கழற்றினான். வாசற்படியிலேயே விடியும் வரை உட்கார்ந்திருந்தான். நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். நியாயம் கிடைத்த வீடு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

ஜூன் 5, புதன்

கொத்தமல்லி விலை ஏறிவிட்டது. ஜவகர் நடத்தும் பயிற்சிக்குப் பெண்கள் ஒருவரும் போகவில்லையாம். சுபாஷினி வேறு யாரிடமோ சொல்வதுபோல் என் காதில் விழும்படி சொன்னாள்.

ஜூன் 8, சனி

மாலையில் ஆண்கள் நட்புப் போட்டி. பார்க்கப் போகவில்லை. கடைக்குப் போகும் வழியில் மைதானச் சுவர் ஓரமாக நின்றேன். கடை வேறு திசையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், இன்னொரு கடையும் இருக்கிறது.

வெளியூரிலிருந்து வந்திருந்த பையன்கள் ஒரு புள்ளி முன்னால். மீதி மூன்று வினாடி. பந்தும் அவர்களிடம். எறிய வந்த பையன் நம்முடைய புதுச் சட்டத்தை யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான். நேராக வானத்தைப் பார்த்து, ஆன மட்டும் ஓங்கி எறிந்தான். பிரதீப் பொத்தானை அழுத்திவிட்டான். பந்து மேலே போனது. விளக்குக் கம்பத்தைத் தாண்டிப் போனது. இரண்டு அணியும் அண்ணாந்து பார்த்தார்கள். அது கீழே இறங்கி வருவதற்குள் சங்கு ஊதிவிட்டது. ஆட்டம் முடிந்தது. பந்து அதற்குப் பிறகுதான் தரையில் விழுந்தது.

ஜவகர் மேசைக்கு ஓடினார். "எவனும் தொடவே இல்லையேடா! அதுக்குள்ள எப்படிடா டைம் ஓடும்?"

"மச்சான், நீங்கதான தீர்மானம் போட்டீக?" என்றான் பிரதீப்.

கூட்டம் முழுவதும், "தொடல! தொடல!" என்று கத்தியது. சுடலைமணிதான் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினான். நான் அகராதியோடு படித்ததை அவன் பால் டம்ளரோடு படித்துவிட்டான்.

பக்கத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. சுவரின் மறுமுனையில் ரத்தினவேல் நின்றிருந்தான். அவனும் கடைக்குத்தான் வந்திருப்பான்.

சேர்ந்து நடந்தோம். சேர்ந்து என்றால், அவன் முன்னால், நான் பின்னால். தெருமுனையில் அவன் மெதுவாக நடந்தான்.

"பாத்தீகளா?" என்றான்.

"பார்த்தேன்."

"பந்து வானத்துல இருக்கு. ஊதிட்டான்."

மறுபடியும் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அன்னைக்கு மேடையில எனக்காக அந்த மூணு வார்த்தையச் சொல்லிருவீகளோன்னுதான் எனக்குப் பயம்" என்றான். "சொல்லியிருந்தா, பிள்ளைங்க மூஞ்சில நான் எப்படி முழிக்க?"

செருப்பில் கல் ஏறிவிட்டது என்று குனிந்து தட்டினேன். கல் ஒன்றும் இல்லை.

"பிள்ளைங்க நாளைக் கழிச்சு ஸ்கூல் கிரவுண்டுக்கு வர்றாங்க. கழகம் கிழகம் ஒண்ணும் இல்ல, சும்மா ஆட. உருட்டிவிடுறத எப்படி மடக்குறதுன்னு பழகணுமாம். பொத்தான் அமுக்க ஒரு ஆளு வேணும்."

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

"யோசிங்க" என்றான்.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் ஜவகர் ஆள் அனுப்பினார். நடந்தது நடந்துபோயிற்றாம், அண்ணாச்சி மேசைக்கு வர வேண்டுமாம். இந்த முறை பழம் இல்லை. வந்தவனிடம் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி அனுப்பினேன். அவன் பாதியை மறந்துவிடுவான் என்பதால் இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

அருணகிரி, இரண்டு தீர்மானங்களையும் அதே மேடையில், அதே ஒலிபெருக்கியில் ரத்து செய்ய வேண்டும். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். கடிகாரத்துக்கு முன்னாலிருக்கும் தன் முகத்தை அவிழ்க்க வேண்டும்.

ஜவகர், ரத்தினவேலின் வீட்டுக்கு வந்து அவனை அழைக்க வேண்டும். என்னை அல்ல, அவனை. அவன் பயிற்சியாளராக உட்காராத மைதானத்தில் நான் மேசையில் உட்கார மாட்டேன். இதில் பேச்சுக்கு இடமில்லை.

பிரதீப், செல்போன் கடையைப் பார்க்க வேண்டும்.

வெடி கொளுத்துகிறவர்கள், சங்கு ஊதும் வரை தீப்பெட்டியைப் பையில் வைத்திருக்க வேண்டும்.

கூட்டம், எண்ணக் கூடாது. எண்ணத் தெரியாது என்பது போதுமான அளவுக்கு நிரூபணமாகிவிட்டது.

ஜெயபிரியாவும் மற்ற பெண்களும், உருண்டு வரும் பந்தைக் கண்டால் பாய்ந்து தொட வேண்டும். ஊர் கத்தினாலும், மேசையிலிருப்பவன் முகம் எப்படி இருந்தாலும்.

சுபாஷினி, நாளை காலை நாலரைக்கு இரண்டு பேருக்குக் காப்பி போட வேண்டும்.

ரத்தினவேல், சாப்பிடும்போது நான் சொல்வதைக் கேட்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒன்றுதான் சொல்வேன். மீதியை இங்கே எழுதிக்கொள்கிறேன்.

நான், நாளை பள்ளி மைதானத்துக்குப் போக வேண்டும். அங்கே மேசை கிடையாது, நடுவர் கிடையாது. வெறும் பயிற்சி. பயிற்சியில் கடிகாரம் வைத்திருப்பவன் ஆட்டக்காரர்களிடம் பேசக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. இன்று மதியம் புத்தகம் முழுவதையும் புரட்டிப் பார்த்துவிட்டேன்.